மாந்தோப்பில் மர இடைவெளி: உழுவதா, புல்லை விடுவதா, மூடாக்குப் போடுவதா?

மரம் வைத்துவிட்டால் மண் தானாகவே நல்லா ஆயிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. பாதி உண்மைதான். கிருஷ்ணகிரி பக்கம், பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் என்று எந்தப் பக்கம் போனாலும் இருபது முப்பது வருட மாந்தோப்புகள் இருக்கின்றன. அதில் பெரும்பாலானவை பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்தவை, அதாவது ஏக்கருக்குச் சுமார் 40 மரம். அந்த இடைவெளியில் வருடத்துக்கு இரண்டு தடவையிலிருந்து நான்கைந்து தடவை வரைக்கும் டிராக்டர் ஓடுகிறது. ஒரே தோப்பு, ஒரே செம்மண், ஆனால் மரத்தின் நிழல் விழும் இடத்தில் இருப்பது ஒரு மண், டிராக்டர் ஓடும் இடத்தில் இருப்பது வேறொரு மண். முப்பது வருடம் கழித்து இந்தத் தோப்பு மண்ணில் கரிமம் (கார்பன்) சேர்ந்ததா கரைந்ததா என்பதை மரத்தைவிட அந்த இடைவெளியை நாம் நடத்திய விதம்தான் அதிகமாக முடிவு செய்கிறது.

அதனால் இந்தக் கட்டுரை எந்த மா ரகம், எந்த உரம் என்பதைப் பற்றியது அல்ல. மரங்களுக்கு நடுவிலுள்ள நிலத்தை என்ன செய்வது என்ற ஒரே முடிவைப் பற்றியது. சுத்தமாக உழுது வைக்கலாம், களைக்கொல்லி அடிக்கலாம், பசுந்தாள் உரச்செடி விதைத்து மடக்கி உழலாம், புல்லை வளரவிட்டு அவ்வப்போது வெட்டிப் போடலாம், சருகால் தரையை மூடி மூடாக்குப் போடலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காய்ப்புக்கு வந்த தோப்பில் புல்லை விட்டு வெட்டுவது, அதோடு புரட்டாசி மழையில் கொஞ்சம் கொள்ளு. ஏன் என்பதும், எங்கே இது ஒத்துவராது என்பதும் கீழே.

முதலில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ராகியும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த புன்செயில் மா வைத்தால் முதல் சில வருடங்களுக்குக் கரிமம் ஏறாது, சில இடங்களில் இறங்கக்கூடச் செய்யும். குழி தோண்டியிருப்போம், செடி சின்னதாக இருக்கும், வருமானத்துக்காக நடுவில் கடலை போட்டிருப்போம், கடலை பிடுங்கும்போது மண்ணைப் புரட்டிப் போட்டிருப்போம். மரம் தழைத்து இலை கொட்ட ஆரம்பித்து, வேர் பரவி, உழவு குறைந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். அதுவும் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகாது. நிலப் பயன்பாடு மாறினால் மண் கரிமம் ஒரு புதிய நிலைக்கு வந்து நிற்க ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் கணக்கு முறை எடுத்துக்கொள்ளும் காலம் 20 வருடம். புதர்க்காட்டை அழித்து வைத்த தோப்பு என்றால் கதை தலைகீழ். அங்கே ஆரம்பித்த அளவே அதிகம், தோப்பு அதைத் திரும்ப எட்டுவதே பெரிய விஷயம்.

இப்போது அளவு. மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.5-லிருந்து 0.75 வரை 'நடுத்தரம்'. நம் செம்மண் புன்செய்கள் பலவும் 'குறைவு' கட்டத்தில்தான் நிற்கின்றன. இந்த 0.1, 0.2 எல்லாம் ஏதோ தூசு மாதிரித் தெரியும், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 30 சென்டிமீட்டர் மண், கன செ.மீ.க்கு 1.5 கிராம் அடர்த்தி என்று வைத்தால், சுமார் 1,820 டன் எடை. அதில் 0.1 சதவீதம் என்பது 1.8 டன் கரிமம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 6.7 டன். ஒரே ஒரு தசம இலக்கத்துக்கு இவ்வளவு.

சரி, இந்தக் கரிமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? மண்ணின் கட்டமைப்புக்குள்தான். மண் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. வேர் கசியும் பசை, பூஞ்சை இழை, மண்புழு எச்சம், செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, எல்லாம் சேர்ந்து அவற்றைச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒட்டிவைக்கின்றன. வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சைகளிலிருந்து வரும் குளோமாலின் என்ற ஒட்டுப்பொருளை 1996-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் சாரா ரைட் அடையாளம் காட்டினார். இந்த உருண்டைகளுக்குள் சிக்கிய கரிமத்தை நுண்ணுயிர்கள் எளிதில் எட்டமுடியாது. கலப்பை உருண்டையை உடைக்கிறது, காற்று உள்ளே போகிறது, நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது, உள்ளே இருந்தது கொஞ்ச நாளில் தீர்ந்துபோகிறது. உழுதவுடன் பயிர் தளதளவென்று வருவதற்குக்கூட இது ஒரு காரணம்: அடைபட்டிருந்த சத்து ஒரேயடியாக வெளியே வருகிறது. சேமிப்பில் கை வைத்துத்தான் அந்தச் செழிப்பு.

இதை உங்கள் தோப்பிலேயே பார்க்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கிளை முடியும் விளிம்புக்குக் கீழே, இலைச் சருகை ஒதுக்கிவிட்டு, நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்று. டிராக்டர் ஓடும் தடத்தில் அதே அளவுக் கட்டி ஒன்று. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிட்டு மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். தடத்து மண் பெரும்பாலும் குமிழி விட்டபடியே உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் டம்ளர் அடியில் சேறாகப் படிந்துவிடும், மேலே தண்ணீர் சிவப்பாகக் கலங்கி நிற்கும். விளிம்பு மண் உடைந்தாலும் பருக்கை பருக்கையாக நிற்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்தச் சிவப்புக் கலங்கல்தான் ஐப்பசி மழையில் உங்கள் தோப்பிலிருந்து ஏரிக்குப் போவது.

இன்னொன்று, கம்பி. நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, பத்து மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை மண்ணில் கையால் அழுத்துங்கள். தடத்தில் அரை அடிக்குக் கொஞ்சம் கீழே போனதும் முட்டி நிற்கும். வருடா வருடம் ஒன்பது கொத்துக் கலப்பை அதே ஆழத்தில் போய், மேலே டயர் அழுத்தி, அங்கே ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கிறது. மேலே பொலபொலவென்று இருப்பதைப் பார்த்து மண் நல்லா இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், தண்ணீரும் வேரும் அந்தத் தட்டைத் தாண்டமுடியாமல் நிற்கின்றன.

இனி ஒவ்வொரு வழியாக.

உழவு

உழுகிறவர்கள் காரணமில்லாமல் உழுவதில்லை, அதை மதித்துத்தான் பேசவேண்டும். பழ ஈயின் கூட்டுப்புழு மேல்மண்ணில்தான் இருக்கும், உழுதால் வெளியே வந்து வெயிலிலும் பறவைக்கும் போகும். கார்த்திகைக்கு மேல் மழை நின்றுவிட்டால் மண்ணில் இருக்கிற ஈரம் களைக்கா மரத்துக்கா என்ற போட்டி நிஜமானது. காய்ந்த புல் இருந்தால் பங்குனி சித்திரையில் ஒரு பீடித் துண்டு போதும். காய் பறிக்க வருகிறவர்கள் பாம்புக்குப் பயப்படுகிறார்கள். இது எல்லாமே சரி.

ஆனால் இதற்கெல்லாம் வருடத்துக்கு ஒரு உழவு போதும். மூன்றாவது நான்காவது உழவெல்லாம் பெரும்பாலும் பழக்கத்தால்தான், அல்லது குத்தகையால். தோப்பைக் காய்ப்புக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்தவருக்கு உதிர்ந்த காய் கண்ணில் படவேண்டும், தரை சுத்தமாக இருக்கவேண்டும், அவர் பார்வையில் அது நியாயமே. பத்து வருடம் கழித்து மண் எப்படி இருக்கும் என்பது அவர் கணக்கில் வராது, அது நில உரிமையாளரின் கணக்கில் வரவேண்டியது. உழவு எத்தனை, எந்தத் திசையில் என்பதைக் குத்தகை பேசும்போதே பேசி வைத்துக்கொள்வதுதான் நல்லது. சரிவான நிலத்தில் மேலும் கீழுமாக ஓட்டினால் ஒவ்வொரு கொத்தும் ஒரு வாய்க்கால்தான். தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா மலைச்சரிவுகளில் ஆலிவ் தோப்புகளைத் தலைமுறை தலைமுறையாகச் சுத்தமாக உழுது வைத்ததில் மேல்மண் ஏராளமாகப் போயிருக்கிறது, இப்போது ஐரோப்பிய வேளாண் மானியமே மர இடைவெளியில் புல் வளர்ப்பவர்களுக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. அங்கேயும் மரம் இருந்தது. மரம் மட்டும் மண்ணைப் பிடித்துவைக்கவில்லை.

களைக்கொல்லி

உழவில்லை, அதனால் மண் உடைவதில்லை என்று சொல்லி இதை விற்கிறார்கள். தரை மொட்டையாகவே கிடக்கிறது, வேர் இல்லை, கரிமம் உள்ளே போக வழியில்லை, மழைத்துளி நேரடியாக மண்ணில் மோதி மேலே ஓடு கட்டுகிறது. அதோடு கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடங்களுக்கும்தான் அங்கீகாரம், மாந்தோப்புக்கு இல்லை. 2022-ல் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டும் என்று கட்டுப்படுத்தி அறிவிக்கையும் வெளியிட்டது. இதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

பசுந்தாள் விதைத்து மடக்கி உழுவது

சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு. பூக்கிற சமயத்தில் மடக்கி உழச் சொல்வார்கள். தழைச்சத்துக்கு இது அருமையான வழி, யூரியா மூட்டை குறையும். ஆனால் கரிமச் சேமிப்பு என்று பார்த்தால் எதிர்பார்க்கிற அளவு கிடைக்காது. இளசான பயறுத்தழை மண்ணுக்குள் போனதும் சில வாரங்களில் மட்கித் தீர்ந்துவிடும், நுண்ணுயிருக்கு அது விருந்து. விதைக்க ஒரு உழவு, மடக்க ஒரு உழவு என்று ஒவ்வொரு சுற்றும் கட்டமைப்பை இரண்டு தடவை உடைக்கிறது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் எடுக்கிற வேலை.

இதையே கொஞ்சம் மாற்றினால் வேறு பலன். மடக்கி உழாமல் வெட்டி அப்படியே மேலே போடுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மட்கட்டும். வேர் வழியாகப் போகும் கரிமம் மேலே போடும் தழையின் கரிமத்தைவிட அதிக காலம் மண்ணில் நிற்கிறது, ஏனென்றால் அது ஏற்கெனவே துகள்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கொழுஞ்சி இதற்கு ரொம்பத் தோதான செடி: ஒரு தடவை விதை விழுந்துவிட்டால் வருடா வருடம் தானாக முளைக்கும், ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது, வறட்சியில் தாங்கும். கொள்ளு இன்னொன்று. புரட்டாசியில் லேசாகக் கீறி விதைத்தால் தை வாக்கில் காயும் வரும், கொடி மாட்டுக்கும் ஆகும். மொத்தத்தையும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு வேர்தான் மிச்சம், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

புல்லை விட்டு வெட்டுவது

எனக்குப் பிடித்தது இது. காரணம் எளிது: வருடம் முழுக்க மண்ணுக்குள் ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருக்கிறது. கட்டமைப்பைத் திரும்பக் கட்டுவதில் புல் வேருக்கு நிகரில்லை, மயிர் மாதிரி மெல்லிய வேர்கள் மண் முழுக்க ஊடுருவி அந்தப் பருக்கைகளைப் பிடித்துவைக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் அந்தக் கம்பியை மறுபடி குத்திப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். கெட்டித் தட்டு ரொம்ப மோசமாக இருந்தால் மட்டும் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, காய்ந்த மண்ணில், இடைவெளியின் நடுவில், புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை ஓட்டலாம். அதன் பிறகு உடனே ஏதாவது விதைத்து வேரை உள்ளே அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடமே பழையபடி இறுகிவிடும்.

தண்ணீர்ப் போட்டி நிஜமானது என்று மேலே சொன்னேன். அதற்குப் பதில் வெட்டும் நேரத்தில் இருக்கிறது. ஆனி முதல் கார்த்திகை வரை மழைக்காலம், அப்போது புல் வளரட்டும், ஒரு முழத்துக்கு மேல் போனால் வெட்டிப் போடலாம். வடகிழக்கு மழை முடியும் தறுவாயில் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டால் வளர்ச்சி நின்று, வெட்டிய புல் மண்ணை மூடியிருக்கும். மாமரம் பூ எடுப்பதற்கு முன் மண் கொஞ்சம் காயவேண்டும், அதுவும் தோதாகவே வருகிறது. பறிப்புக்கு முன் இன்னொரு தடவை வெட்டினால் தீ பயமும் பாம்பு பயமும் பெருமளவு குறையும், தோப்பின் ஓரத்தில் மட்டும் எட்டடி அகலத்துக்கு உழுது தீத்தடுப்புப் பட்டை விட்டுக்கொள்ளலாம். பழ ஈக்கு, ஆண் ஈயை இழுக்கும் மீத்தைல் யூஜினால் பொறி, உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது, இவை இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் உழவு அவ்வளவாகத் தேவைப்படாது.

எந்தப் புல் என்பதும் முக்கியம். பார்த்தீனியம் மண்டிக் கிடப்பதைப் புல் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கவேண்டும், முதல் இரண்டு வருடம் இதில்தான் வேலை அதிகம். கொழுஞ்சியைக் கலந்து தூவிவிட்டால் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும்.

ஒத்துவராத இடம் என்று சொன்னேனே, அது இளந்தோப்பு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள மாங்கன்று, பாசனமும் இல்லை என்றால், புல்லோடு போட்டி போடமுடியாது. அங்கே கன்றைச் சுற்றி மூன்றடி நான்கடிக்கு வட்டப்பாத்தியைச் சுத்தமாக வைத்து மூடாக்குப் போடுங்கள், புல்லோ பயறோ அதற்கு வெளியே இருக்கட்டும். மரம் எப்படியும் ஆழத்துக்கு வேர் விட்டு எடுத்துக்கொள்ளும் என்று விடுவதிலும் ஒரு எல்லை உண்டு: சீனாவின் லோயஸ் மேட்டு நிலத்தில் இருபது வருடத்துக்கு மேலான ஆப்பிள் தோட்டங்கள் பல மீட்டர் ஆழத்து ஈரத்தை உறிஞ்சி, மழை திரும்ப நிரப்பமுடியாத வறண்ட அடுக்கை உண்டாக்கியிருக்கின்றன.

மூடாக்கு

மண்ணுக்கு இதைவிட நல்லது இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரச்சினை அளவுதான். ஒரு ஏக்கர் முழுக்க ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் போட 200 கன மீட்டருக்கு மேல் சருகு வேண்டும். எங்கே போவது? வைக்கோல் மாட்டுக்கே பத்தவில்லை. வட்டப்பாத்திக்கு மட்டும், மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரத்துக்கு என்றால், 40 மரத்துக்கும் சேர்த்து 25 கன மீட்டர் போதும். அதில் ஒரு நல்ல பங்கை மரமே உதிர்க்கிறது. இலையைக் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அதைப் பார்க்கும்போது உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. மா இலை மெதுவாக மட்கும், மெதுவாக மட்குவதுதான் மூடாக்குக்கு வேண்டிய குணம். கவாத்துக் குச்சிகளையும் ஒடித்து அங்கேயே போடுங்கள், நோய் பட்ட கிளையை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிப் போடவேண்டும், இல்லாவிட்டால் கரையான் நேராக மரத்துக்கு ஏறும்.

பழைய தோப்பை வெட்டிவிட்டு மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் அடர் நடவுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏக்கருக்கு 674 கன்று, சொட்டுநீர், வருடா வருடம் கவாத்து. இடைவெளியில் டிராக்டருக்கு வேலை குறையும், கவாத்துத் தழை நிறைய வரும், மண்ணுக்கு அது நல்லது. ஆனால் காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம், முப்பது வருட மரம் செங்கல் சூளைக்குப் போனால் அந்த வருடமே அது புகையாகிவிடும். வேர்க்கட்டையைப் பிடுங்க ஜேசிபி ஓட்டினால் மண்ணும் கலைந்துவிடும். மகசூல் தேவைக்காகச் செய்யுங்கள், கரிமத்துக்காக என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கில் பழைய மரத்தையும் சேர்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள்.

கரிம வரவு (கார்பன் கிரெடிட்), அதாவது கரிமத்தைச் சேமித்ததற்குக் காசு, வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஏற்கெனவே நிற்கிற மரத்துக்கும் ஏற்கெனவே மண்ணில் இருக்கிற கரிமத்துக்கும் காசு கிடையாது, நடைமுறையை மாற்றியதால் கூடுதலாகச் சேர்ந்ததற்குத்தான். எதோடு ஒப்பிட்டு அளப்பீர்கள், எத்தனை வருடம் உழக்கூடாது என்று எழுதி வாங்குவீர்கள், இரண்டையும் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அளப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. மண் இறுகினால் அதே 30 சென்டிமீட்டருக்குள் அதிக மண் அடங்கும். கரிமம் 0.5 சதவீதமாகவே இருந்தாலும், அடர்த்தி 1.4-லிருந்து 1.6-க்கு ஏறினால், ஹெக்டேருக்கு 21 டன் இருந்தது 24 டன் என்று காட்டும். மூன்று டன் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவோம், நிஜத்தில் மண் கெட்டிருக்கிறது. அதனால் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் அளவு தெரிந்த இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, அதிலுள்ள மண்ணை எடை போட்டு அடர்த்தியும் எடுத்து, ஒரே எடை மண்ணுக்கு ஒப்பிடவேண்டும். நம் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் அதிகம், இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் கல்லின் எடையைக் கழிக்காவிட்டாலும் கணக்கு வீங்கிவிடும்.

முழுத் தோப்பையும் ஒரேயடியாக மாற்றத் தயக்கமாக இருந்தால், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் உழவை நிறுத்திப் பாருங்கள். மாதிரி எடுக்கும்போது மரத்தடியையும் இடைவெளியையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பையில், 0–15, 15–30 சென்டிமீட்டர் என்று இரண்டு ஆழத்தில், பறிப்பு முடிந்து உரம் வைப்பதற்கு முன் எடுங்கள். எடுத்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதிரி ஐந்து வருடம் கழித்து, அதே மாதம், அதே இடம். நடுவில் வருடா வருடம் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, இவ்வளவு மெதுவான மாற்றம் ஆய்வக வித்தியாசத்துக்குள்ளேயே மறைந்துபோகும். அதுவரைக்கும் டம்ளரும் கம்பியும் போதும்.